மாட்டு டாக்டர் படிப்புக்கு எந்தக் கல்லூரி?

வாயில்லா ஜீவன் என்று மாட்டைச் சொல்கிறோம். மாட்டுக்கும் வலி உண்டு. ஆனால் எங்கே வலிக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. வயிறு உப்பிப் படுத்திருக்கும் பசு காரணம் சொல்லாது. தொட்டுப் பார்க்க வேண்டும். சாணத்தைப் பார்க்க வேண்டும். அசை போடுகிறதா என்று கவனிக்க வேண்டும். அப்படிப் பார்த்துத்தான் நோயைக் கண்டுபிடிக்க முடியும். இந்த வேலையைப் படித்துச் செய்பவர் கால்நடை மருத்துவர். ஊரில் மாட்டு டாக்டர் என்கிறோம்.

2019ஆம் ஆண்டு நம் நாட்டில் கால்நடைகளைக் கணக்கெடுத்தார்கள். ஆடு, மாடு, எருமை, பன்றி எல்லாம் சேர்த்து 53 கோடிக்கு மேல் இருந்தன. வெள்ளாடு மட்டும் 14 கோடிக்கு மேல். கோழி தனிக் கணக்கு. அது 85 கோடி.

வெக்கை நோய் என்று ஒரு நோய் இருந்தது. வயதானவர்களுக்கு நினைவு இருக்கும். ஒரு தொழுவத்தில் வந்தால் ஊர் மாடு முழுவதையும் கொண்டு போய்விடும். ஊர் ஊராகத் தடுப்பூசி போட்டார்கள். 2006இல் இந்தியாவில் அந்த நோய் இல்லை என்று அறிவித்தார்கள். 2011இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். இதெல்லாம் கால்நடை மருத்துவம் படித்தவர்கள் செய்த வேலை.

ஆடு மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இந்தப் படிப்பின் மேல் ஆசை இருக்கிறது. பெண் பிள்ளைகளும் நிறையப் பேர் படிக்கிறார்கள். பிள்ளை ஆசைப்பட்டு விட்டது. பெற்றோரும் சரி என்று சொல்லி விட்டார்கள். அடுத்த கேள்வி, எந்தக் கல்லூரி?

படிப்பின் பெயர்

முதலில் படிப்பின் பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பி.வி.எஸ்சி. அண்டு ஏ.எச். என்பது பெயர். கால்நடை மருத்துவமும் கால்நடை பராமரிப்பும் சேர்ந்த பட்டம் என்று பொருள். மொத்தம் ஐந்தரை ஆண்டு. நாலரை ஆண்டு பாடம். கடைசி ஓர் ஆண்டு பயிற்சி. பயிற்சி ஆண்டில் மாணவர் மருத்துவமனையிலும் பண்ணையிலும் வேலை செய்வார். அதற்கு மாதா மாதம் உதவித்தொகை உண்டு. தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

பெயரை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும்? இதே மாதிரிப் பெயரில் வேறு படிப்புகளும் உண்டு. கால்நடை பராமரிப்பில் டிப்ளமோ உண்டு. பால் தொழில்நுட்பத்தில் பட்டம் உண்டு. கோழி வளர்ப்புத் தொழில்நுட்பத்திலும் பட்டம் உண்டு. இவை கெட்ட படிப்புகள் அல்ல. படித்தவருக்குப் பண்ணையிலும் பால் நிறுவனத்திலும் வேலை கிடைக்கும். ஆனால் இவற்றைப் படித்தவர் கால்நடை மருத்துவர் ஆக முடியாது.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். நாலு மாடு வைத்திருக்கிறார்கள். மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். டவுனில் ஒரு பலகை தொங்குகிறது. இரண்டே ஆண்டில் கால்நடை மருத்துவப் படிப்பு, உடனே வேலை என்று எழுதியிருக்கிறது. தகப்பனார் இரண்டு மாட்டை விற்றுப் பணம் கட்டுகிறார். இரண்டு ஆண்டு கழித்து மகன் கையில் ஒரு சான்றிதழ் வருகிறது. அரசு மருத்துவர் வேலைக்கு விண்ணப்பம் போடப் போனால், இந்தச் சான்றிதழ் செல்லாது என்கிறார்கள். மாடும் போயிற்று. மகனின் இரண்டு ஆண்டும் போயிற்று.

இப்படி நடக்காமல் இருக்க ஒரு சட்டம் இருக்கிறது. 1984ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் அது. அந்தச் சட்டப்படி ஒரு கவுன்சில் டெல்லியில் இருக்கிறது. கவுன்சில் என்றால் மேற்பார்வை பார்க்கும் மன்றம். எந்தக் கல்லூரியின் பட்டம் செல்லும், எது செல்லாது என்பதற்கு அங்கே பட்டியல் உண்டு. பட்டியலில் உள்ள பட்டம் பெற்றவர்தான் மருத்துவராகப் பதிவு செய்துகொள்ள முடியும். பதிவு செய்தவர்தான் மருத்துவம் பார்க்கலாம். மாட்டுக்கு நலச் சான்றிதழில் கையெழுத்துப் போடவும் அவருக்குத்தான் உரிமை. டிப்ளமோ முடித்தவர்கள் முதலுதவி போன்ற சிறு வேலைகளைச் செய்யலாம். அதற்கும் அரசின் அனுமதி வேண்டும். பதிவு பெற்ற மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையும் வேண்டும்.

பட்டியலில் இருக்கிறதா?

ஆகவே கல்லூரி வாசலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான். இந்தக் கல்லூரி இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சிலின் பட்டியலில் இருக்கிறதா?

கட்டடம் எத்தனை மாடி என்று பிறகு பார்க்கலாம். பஸ் வசதியையும் பிறகு பார்க்கலாம். பட்டியலில் இல்லை என்றால் மற்றது எதையும் பார்க்க வேண்டியதே இல்லை. திரும்பி வந்துவிடலாம்.

கல்லூரிக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். கவுன்சிலின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. பள்ளி ஆசிரியரைக் கேட்டால் எடுத்துக் காட்டுவார். பொதுச் சேவை மையத்திலும் எடுத்துத் தருவார்கள். தாளில் அச்சடித்து வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரியின் பெயரையும் ஊரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மெதுவாக வாசித்தால் போதும். அவசரமே இல்லை. அவசரப்படுத்துகிறவர் யாராவது பக்கத்தில் நின்றால், அவர் மேல்தான் சந்தேகம் வர வேண்டும்.

புதிய கல்லூரி என்றால் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. புதிதாகத் தொடங்க முதலில் அனுமதி மட்டும் தருவார்கள். பிறகு கவுன்சிலின் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். ஆசிரியர் போதுமா, மருத்துவமனை உண்டா, பண்ணை உண்டா என்று சரி பார்ப்பார்கள். எல்லாம் திருப்தியாக இருந்தால்தான் பட்டத்துக்கு அங்கீகாரம் கிடைக்கும். அங்கீகாரம் என்றால் இந்தப் பட்டம் செல்லும் என்ற ஒப்புதல். அனுமதி வேறு, அங்கீகாரம் வேறு. புதிய கல்லூரியில் சேர்ப்பவர்கள், இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு, அந்தக் கடிதத்தையும் பார்க்க வேண்டும். கடிதத்தைக் காட்ட மாட்டேன் என்று நல்ல கல்லூரி சொல்லாது.

இன்னொரு வழியும் உண்டு. செலவில்லாத வழி. உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்து மருத்துவரைக் கேளுங்கள். அவர் எங்கே படித்தார், அவருடைய கூட்டாளிகள் எங்கே படித்தார்கள், இப்போது எந்தக் கல்லூரியில் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள் என்று விசாரியுங்கள். அவருக்குத் தெரிந்த அளவு விளம்பரப் பலகைக்குத் தெரியாது.

மருத்துவமனையையும் பண்ணையையும் பாருங்கள்

பட்டியலில் ஐம்பதுக்கு மேற்பட்ட கல்லூரிகள் உண்டு. அவற்றுள் எது நல்லது? இங்கேதான் பெரும்பாலோர் தவறான இடத்தைப் பார்க்கிறார்கள். வளைவையும் பூந்தோட்டத்தையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். மாட்டை யாரும் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் ஒரு மருத்துவமனை இருக்க வேண்டும். ஒரு பண்ணையும் இருக்க வேண்டும். இது கவுன்சிலின் விதி. மாணவர் படிப்பது வகுப்பறையில் பாதிதான். மீதிப் பாதி அந்த இரண்டு இடத்தில். சினைப் பிடித்திருக்கிறதா என்று கையை விட்டுப் பார்க்கப் புத்தகம் சொல்லித் தராது. கன்று மாறிக் கிடக்கும்போது திருப்பி எடுப்பது எப்படி என்பதும் அப்படித்தான். கை பழக வேண்டும். கை பழக மாடு வேண்டும்.

அதனால் காலை நேரத்தில் போங்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். வாசலில் ஓரமாக உட்காருங்கள். எத்தனை பேர் மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்? ஆட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களா? வண்டியில் ஏற்றி வரும் மாட்டை இறக்க இடம் இருக்கிறதா? மாணவர்கள் ஆசிரியரோடு சேர்ந்து மாட்டைத் தொட்டுப் பார்க்கிறார்களா, தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார்களா? ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தால் கல்லூரியின் தரம் பாதி தெரிந்துவிடும். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. மாடு வளர்த்தவர் கண்ணுக்கு இது எளிது.

பிறகு பண்ணையைப் பாருங்கள். பண்ணை மாடுகளின் உடம்பு எப்படி இருக்கிறது? தொழுவம் ஈரம் இல்லாமல் இருக்கிறதா? தீவனம் இருக்கிறதா? தன் பண்ணை மாட்டை எலும்பும் தோலுமாக வைத்திருக்கும் கல்லூரி, மற்றவர் மாட்டைக் காப்பாற்ற என்ன சொல்லித் தரும்?

மருத்துவமனைக்கு எந்த உயிர்கள் வருகின்றன என்பது ஊரைப் பொறுத்தது. நம் நாடு பெரியது. இராஜஸ்தான் மாநிலத்தில் பீகானேர் என்ற ஊர் பாலைவனப் பக்கம். அங்கே படிப்பவர் ஒட்டகத்துக்கும் மருத்துவம் பார்ப்பார். கேரளத்தில் திருச்சூர் அருகே மண்ணுத்தி. அங்கே யானை பற்றிய கல்விக்கென்று தனி மையமே இருக்கிறது. பஞ்சாபில் லூதியானா. அந்தப் பக்கம் எருமையும் கலப்பினப் பசுவும் நிறைய. மிசோரத்தில் ஐஸ்வால் அருகே ஒரு கல்லூரி உண்டு. மலை மக்கள் பன்றி வளர்ப்பவர்கள். அங்கே பன்றி வைத்தியம் நன்றாகப் பழகலாம். தமிழ்நாட்டில் நாமக்கல் என்றால் கோழிப் பண்ணை. சென்னை, மும்பை போன்ற நகரங்களில் நாயும் பூனையும் அதிகம் வரும்.

இதில் எது உயர்வு, எது தாழ்வு என்று சொல்ல முடியாது. பிள்ளை பிறகு எங்கே வேலை செய்ய ஆசைப்படுகிறது என்பதைப் பொறுத்தது. கிராமத்தில் மருத்துவம் பார்க்க ஆசை என்றால், மாடும் ஆடும் தினமும் வரும் கல்லூரியாகப் பார்ப்பது நல்லது. நாய்க்கு நுட்பமான அறுவை மருத்துவம் பழக வேண்டும் என்றால் நகரத்துப் பெரிய மருத்துவமனை உதவும். எல்லாக் கல்லூரியிலும் பாடம் ஒன்றுதான். அதைக் கவுன்சில் வகுத்துக் கொடுத்திருக்கிறது. கைப்பழக்கம்தான் ஊருக்கு ஊர் மாறும்.

பழைய கல்லூரி என்றால் நல்ல கல்லூரி என்றும் சிலர் நினைக்கிறார்கள். மும்பை பரேலில் உள்ள கல்லூரி 1886இல் தொடங்கியது. சென்னை வேப்பேரியில் உள்ளது 1903இல் தொடங்கியது. பெருமைதான். பழைய கல்லூரிக்குப் பெயர் இருக்கும். அங்கே படித்து முடித்தவர்கள் நாடு முழுக்க இருப்பார்கள். ஆனால் வயதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்தால் நூறு வயதுக் கல்லூரியிலும் பாடம் நடக்காது.

ஆசிரியர் எத்தனை பேர் என்று அலுவலகத்தில் கேட்டால் கணக்குச் சொல்வார்கள். மாணவரைக் கேட்டால் உண்மை தெரியும். மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவர் யாராவது தேநீர்க் கடையில் நிற்பார்கள்.

"தம்பி, எத்தனை மாட்டுக்கு நீங்களே கையால் ஊசி போட்டிருக்கிறீர்கள்?"

"கணக்கே இல்லீங்க ஐயா. தினமும் போடுறோம்."

இப்படிப் பதில் வந்தால் நல்லது. "இன்னும் போடலீங்க, பார்த்திருக்கோம்" என்று நான்காம் ஆண்டு மாணவர் சொன்னால் யோசிக்க வேண்டும்.

விடுதியைப் பற்றியும் அதே மாணவரிடம் கேட்கலாம். ஐந்தரை ஆண்டு தங்க வேண்டிய இடம் அது. தண்ணீர் வருமா, சாப்பாடு எப்படி, இரவில் காவல் உண்டா என்று கேளுங்கள். பெரிய மாணவர் சின்ன மாணவரைக் கொடுமை செய்வதை ராகிங் என்கிறார்கள். அது குற்றம். அப்படி நடந்தால் 1800-180-5522 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். பிள்ளையிடம் இந்த எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்புவது நல்லது.

பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழில் படித்த பிள்ளைகளுக்கு முதல் ஆண்டு கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். முதல் ஆண்டிலேயே எலும்பு, தசை, நரம்பு என்று நூற்றுக்கணக்கான பெயர்கள் வரும். இறந்த விலங்கை அறுத்துப் பார்த்துப் படிக்க வேண்டும். வாடையும் இரத்தமும் இருக்கும். பிள்ளைக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருக்கட்டும்.

இடம் கிடைப்பது எப்படி?

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஆங்கிலமும் வேண்டும். இந்த நாலு பாடத்திலும் சேர்த்துப் பாதி மதிப்பெண்ணாவது வாங்கியிருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் போன்ற பிரிவினருக்குச் சலுகை உண்டு. வணிகவியல் படித்த பிள்ளை இதில் சேர முடியாது. ஆகவே பதினோராம் வகுப்பில் சேரும்போதே யோசித்துப் பாடம் எடுக்க வேண்டும்.

அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் நூற்றுக்கு 15 இடம் நாடு முழுவதற்கும் பொது. எந்த மாநிலத்துப் பிள்ளையும் எந்த மாநிலத்துக்கும் போகலாம். இதற்கு நீட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மனித மருத்துவத்துக்கு எழுதும் அதே தேர்வுதான். தமிழிலும் எழுதலாம். தேர்வு எழுதினால் மட்டும் போதாது. கவுன்சில் நடத்தும் கலந்தாய்வுக்கும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். கலந்தாய்வு என்றால் மதிப்பெண் வரிசைப்படி இடம் கொடுப்பது. நல்ல மதிப்பெண் வாங்கியும் பதிவு செய்யாமல் விட்டால் இடம் போய்விடும்.

மீதி இடங்களை அந்தந்த மாநிலமே நிரப்புகிறது. விதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கேரளத்தில் மாநில இடத்துக்கும் நீட் மதிப்பெண் வேண்டும். தமிழ்நாட்டில் மாநில இடங்களுக்கு நீட் இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை ஆகிய ஏழு ஊர்களில் கல்லூரிகள் உண்டு. எல்லாம் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. 1989இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. கால்நடை மருத்துவத்துக்கென்று நாட்டில் முதலில் தொடங்கியதும் அதுதான். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு நூற்றுக்கு ஏழரை இடம் தனியாக ஒதுக்குகிறார்கள். 2021இல் வந்த சட்டம் இது. கிராமத்துப் பள்ளியில் படித்த பல பிள்ளைகளுக்கு இது தெரியாமலே போகிறது.

சாதிச் சான்றிதழில் ஒரு விஷயம். பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் நாடு முழுவதற்கும் பொதுவான இடத்துக்குப் போட்டியிடும்போது, மாநிலச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசு சொல்லும் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். தாலுகா அலுவலகத்தில் அதற்கு நாள் பிடிக்கும். மதிப்பெண் வந்த பிறகு ஓடினால் நேரம் பற்றாது.

பணம்

அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. தனியார் கல்லூரியில் அதிகம். சில மாநிலங்களில்தான் தனியார் கல்லூரிகள் உண்டு. இராஜஸ்தானில் அவை கூடுதல். தனியார் கல்லூரியிலும் பட்டியலில் உள்ளவை உண்டு. அங்கே சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் ஓர் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு, விடுதிக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்று எழுதி வாங்கிக் கூட்டிப் பார்க்க வேண்டும். அரசுக் கல்லூரிக்கு ஓராண்டு காத்திருந்து மறுபடி முயல்வது நல்லதா, கடன் வாங்கித் தனியாரில் சேர்ப்பது நல்லதா? கூட்டிய தொகையைப் பார்த்த பிறகு வீட்டில் உட்கார்ந்து பேசலாம். நிலத்தை விற்றுக் கட்டும் அளவுக்கு வந்தால், ஓராண்டு காத்திருப்பது பெரிய நஷ்டம் அல்ல.

இடம் வாங்கித் தருகிறேன் என்று தரகர் வருவார். அரசு இடத்துக்குத் தரகர் கிடையாது. கட்டணத்தை வங்கி வழியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். ரசீதில் படிப்பின் பெயர் முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவருக்கு அரசு உதவித்தொகை உண்டு. வருமான வரம்பு உண்டு. வருமானச் சான்றிதழ் வேண்டும். வங்கியில் கல்விக் கடனும் கேட்கலாம். வழக்கமாகப் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தவணை தொடங்கும். வட்டி எப்போது முதல் ஏறும் என்று கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள்.

படிப்பும் பயிற்சி ஆண்டும் முடிந்தவுடன் மாநில கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பெயரைப் பதிய வேண்டும். அங்கே ஒரு பதிவு எண் கொடுப்பார்கள். அந்த எண் கிடைத்த நாளிலிருந்துதான் பிள்ளை பலகை மாட்டி மருத்துவம் பார்க்கலாம். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் இந்த எண்ணைக் கேட்பார்கள்.